நிறையா, எடையா? தராசைப் பற்றியும் ஈர்ப்பைப் பற்றியும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இயற்பியல் சொல்லிக்கொடுப்பவன் நான். ஆண்டுதோறும் பிள்ளைகள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. பெற்றோர்களும் அதே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், கொஞ்சம் தயங்கிக் கேட்கிறார்கள், அவ்வளவுதான். குழப்பத்தில் பாதி இயற்பியலால் வருவதே இல்லை. ‘எடை’ என்ற ஒரே சொல்லை நாம் இரண்டு வேலைகளுக்கு வைத்திருக்கிறோம், அதனால் வருகிறது.

நிறைக்கும் எடைக்கும் என்ன வேறுபாடு?

ஒரு பொருளை அசைக்கவோ, ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்தவோ முயன்றால் அது எவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறது என்பதன் அளவு நிறை. அதன் அலகு கிலோகிராம். ‘பொருளில் உள்ள பருப்பொருளின் அளவு’ என்று பாடப்புத்தகம் சொல்கிறது. தேர்வில் அதையே எழுதுங்கள், மதிப்பெண் கிடைக்கும். ஆனால் மனத்தில் வைத்துக்கொள்ளப் பிடிவாதம்தான் வசதி.

அந்தப் பொருளைப் பூமி எவ்வளவு விசையோடு தன் பக்கம் இழுக்கிறது என்பது எடை. அது ஒரு விசை, ஆகவே அதன் அலகு நியூட்டன். நிறையைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கினால் எடை வரும். அந்த முடுக்கம், அதாவது விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் கூடும் அளவு, தரைமட்டத்தில் சுமார் 9.8 மீட்டர்/விநாடி². 60 கிலோகிராம் நிறையுள்ளவரின் எடை 588 நியூட்டன். ‘என் எடை 60 கிலோ’ என்று சொல்வது கடையிலும் மருத்துவமனையிலும் சரி, இயற்பியல் விடைத்தாளில் தவறு.

இலங்கைப் பாடநூலில் வேறு மாதிரி இருக்கிறதே? அங்கே ‘நிறை’ நியூட்டனில் வருகிறது!

அச்சுப்பிழை இல்லை. தமிழ்நாட்டில் நாம் ‘நிறை’ என்பதை அங்கே ‘திணிவு’ என்கிறார்கள். நாம் ‘எடை’ என்பது அங்கே ‘நிறை’. அதாவது ஒரே சொல் பாக்குநீரிணையைக் கடந்தால் கிலோகிராமிலிருந்து நியூட்டனுக்கு மாறிவிடுகிறது. முடுக்கம் அங்கே ‘ஆர்முடுகல்’, நிலைமம் (நான் சொன்ன அந்தப் பிடிவாதம்) அங்கே ‘சடத்துவம்’. விசையும் உந்தமும் மட்டும் இரு கரையிலும் அவையாகவே இருக்கின்றன.

தனிப்பட்ட முறையில் எனக்குத் ‘திணிவு’ பிடிக்கும். அன்றாடப் பேச்சில் புழங்காத சொல் என்பதால் பழைய பொருள் எதுவும் அதில் ஒட்டிக்கொண்டு வராது. ஆனால் இங்கே நான் எழுதுவது தமிழ்நாட்டு வழக்கில். இணையத்தில் ஒரு விளக்கத்தைப் படித்து, ‘எல்லாமே தலைகீழாக இருக்கிறதே’ என்று தோன்றினால், முதலில் அது எந்தக் கரையில் எழுதப்பட்டது என்று பாருங்கள்.

கடைத் தராசு அளப்பது நிறையையா, எடையையா?

இது நல்ல கேள்வி. விடை தராசைப் பொறுத்தது.

இரண்டு தட்டுத் தராசை எடுத்துக்கொள்வோம். ஒரு தட்டில் படிக்கல், மறு தட்டில் வெங்காயம். பூமி இரண்டையும் இழுக்கிறது. முள் நடுவில் நின்றால் இரண்டு இழுப்பும் சமம், ஆகவே இரண்டு நிறையும் சமம். இதே தராசை நிலவுக்குக் கொண்டுபோனாலும் முள் நடுவில்தான் நிற்கும், ஏனென்றால் ஈர்ப்பு குறையும்போது இரு தட்டுக்கும் ஒரே விகிதத்தில் குறைகிறது. ஈர்ப்பே இல்லாவிட்டால் மட்டும் முள் எதையும் சொல்லாது. ஆகவே தட்டுத் தராசு ஒப்பிடுவது நிறையை.

பழைய பேப்பர் வாங்க வருபவர் கையில் தொங்கவிடும் சுருள்வில் தராசு வேறு சாதி. கட்டு கீழ்நோக்கி இழுக்கிறது, வில் நீள்கிறது, முள் நகர்கிறது. அது உணர்வது விசையை மட்டுமே. ஆனால் முகப்பில் எழுதியிருப்பது கிலோ! ‘9.8 நியூட்டன் இழுத்தால் அது ஒரு கிலோவாகத்தான் இருக்க வேண்டும்’ என்று தராசைச் செய்தவர் நமக்காக முன்கூட்டியே கணக்குப் போட்டு அச்சடித்துவிட்டார். இப்போது எல்லாக் கடைகளிலும் இருக்கும் மின்னணுத் தராசும் இதே வகைதான். உள்ளே ஓர் உலோகத் துண்டு மிகக் கொஞ்சமாக வளைகிறது, அந்த வளைவை மின்சுற்று எண்ணாக மாற்றுகிறது. விசையை அளந்து, நிறையைச் சொல்கிறது.

அப்படியென்றால் சென்னையில் சரிசெய்த மின்னணுத் தராசை ஊட்டிக்கு எடுத்துப்போனால்? கொள்கைப்படி, ஒரு கிலோ பொருளுக்குக் குறைவாகக் காட்டும். ஆனால் அந்த வேறுபாடு ஒரு கிராமுக்கும் உள்ளே. கேரட் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் கவலை இல்லை. நகைக்கடைக்கும் ஆய்வகத்துக்கும்தான் கவலை. அதனால்தான் நுட்பமான தராசுகளைப் பயன்படுத்தும் இடத்திலேயே வைத்து, தெரிந்த எடைக்கல்லை ஏற்றிச் சரிபார்க்கிறார்கள்.

பூமி எல்லா இடத்திலும் ஒரே அளவாக இழுப்பதில்லையா?

இல்லை. இதைக் கண்டுபிடித்துக் கொடுத்தது ஒரு கடிகாரம். 1672-இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர், பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரத்தைத் தென் அமெரிக்காவின் கயேன் நகருக்குக் கொண்டுபோனார். அங்கே அது நாளொன்றுக்குச் சுமார் இரண்டரை நிமிடம் பின்தங்கியது. கடிகாரத்தில் கோளாறு இல்லை. நிலநடுக்கோட்டுக்கு அருகே பூமியின் இழுப்பு குறைவு, அதனால் ஊசல் மெதுவாக ஆடியது. ஊசலின் நீளத்தைக் கொஞ்சம் குறைத்த பிறகுதான் நேரம் சரியானது. பூமி உச்சந்தலையில் தட்டையாகவும் இடுப்பில் பருத்தும் இருக்கிறது என்று பின்னர் நியூட்டன் வாதிட்டபோது, இந்தக் கடிகாரமும் அவருக்குச் சாட்சி சொன்னது.

இன்றைய அளவுகளில், நிலநடுக்கோட்டில் முடுக்கம் 9.780, துருவத்தில் 9.832. பூமி சுழல்வது பெரும்பங்கு காரணம், இடுப்பில் இருப்பவர் மையத்திலிருந்து 21 கிலோமீட்டர் தள்ளி இருப்பது மீதிக் காரணம். நிலநடுக்கோட்டில் சரிசெய்த சுருள்வில் தராசு, ஒரு கிலோப் பொருளுக்குத் துருவத்தில் ஐந்து கிராம் கூடுதலாகக் காட்டும். இளைக்க நினைப்பவர்கள் தென்கோடி இந்தியாவிலேயே இருப்பது நல்லது, நிறை குறையாவிட்டாலும் எடையாவது குறைவாக இருக்கும்.

நமக்குப் பக்கத்திலேயே இன்னொரு விந்தை உண்டு. கன்னியாகுமரிக்கும் இலங்கைக்கும் தெற்கே இந்தியப் பெருங்கடலில், ஈர்ப்பு பலவீனமான மாபெரும் பகுதி ஒன்று இருக்கிறது. 1948-இல் டச்சு அறிவியலாளர் வெனிங் மெய்னெஸ் கப்பலில் இருந்து எடுத்த அளவீடுகளில் அது தெரியவந்தது. அலைகளையும் காற்றையும் மறந்துவிட்டுப் பார்த்தால், பூமியைச் சீரான நீள்கோளமாக வைத்துக் கணக்கிடும் மட்டத்தைவிட அங்கே கடல்மட்டம் சுமார் 106 மீட்டர் தாழ்வு. உலகிலேயே இதுதான் ஆழமான ஈர்ப்புப் பள்ளம். ஏன் இப்படி என்பதற்கு, பல கோடி ஆண்டுகளுக்கு முன் மறைந்த டெத்திஸ் கடலின் தரை பூமிக்குள் மூழ்கியதும், அதனால் கிளர்ந்து மேலெழுந்த வெப்பமான, அடர்த்தி குறைந்த பாறைப்பொருளும் காரணம் என்று 2023-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழக ஆய்வாளர்கள் ஒரு விளக்கத்தை முன்வைத்தார்கள்.

‘அந்தப் பள்ளத்தில் கப்பல் சறுக்கி இறங்குமா?’ என்று ஒரு மாணவி கேட்டாள். இறங்காது. கடல்நீர் எங்கே எப்படி வளைந்திருந்தாலும் அதன் பரப்பு அந்த இடத்து ஈர்ப்புத் திசைக்குச் செங்குத்தாகவே நிற்கிறது. கப்பலில் இருப்பவருக்கு எல்லா இடமும் சமதளம்தான்.

நிலவில் என் எடை ஆறில் ஒரு பங்கு என்றால், நான் இளைத்துவிடுவேனா?

ஒரு கிராம்கூட இளைக்க மாட்டீர்கள். 60 கிலோ நிறை அங்கேயும் 60 கிலோதான். நிலவின் இழுப்பு மட்டும் 1.62 மீட்டர்/விநாடி², ஆகவே எடை 97 நியூட்டன். குளியலறை எடைக்கருவியைக் கொண்டுபோய் ஏறி நின்றால் அது 10 கிலோ என்று பொய் சொல்லும்.

நிறை அப்படியே இருப்பதை நிலவில் நடந்தவர்கள் உடம்பால் உணர்ந்தார்கள். துள்ளுவது எளிது, ஓடிவந்து நிற்பதுதான் பாடு. நிறுத்த வேண்டிய நிறை அதே அளவு. ஆனால் எடை குறைந்ததால் தரையில் கால் அழுந்துவதும் குறைவு, உராய்வும் குறைவு. திரும்பவோ நிற்கவோ வேண்டுமென்றால் முன்கூட்டியே திட்டமிட வேண்டியிருந்தது.

விண்வெளி நிலையத்தில் மிதக்கிறார்களே, அங்கே ஈர்ப்பு கிடையாதுதானே?

ஐயா, இந்த ஒரு கேள்விக்காகவே இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்தேன். ‘ஈர்ப்பு இல்லாத விண்வெளியில்’ என்று செய்தித்தாள்கள் எழுதும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். பூமி ஒரு பலாப்பழம் என்றால் நிலையம் பறப்பது அதன் தோலுக்குச் சற்று மேலேதான். அந்த உயரத்தில் புவியீர்ப்பு முடுக்கம் 8.7, அதாவது தரையில் உள்ளதில் கிட்டத்தட்ட 89 விழுக்காடு. ஒரு மிக உயரமான கோபுரம் கட்டி அதன் உச்சியில் எடைக்கருவி வைத்தால், 60 கிலோகாரருக்கு 53 கிலோ காட்டும். மிதக்க மாட்டார்.

பிறகு ஏன் மிதக்கிறார்கள்? விழுந்துகொண்டிருக்கிறார்கள். நிலையமும் விழுகிறது, உள்ளே இருப்பவரும் விழுகிறார், அவர் கையில் இருந்த கரண்டியும் விழுகிறது. எல்லாம் ஒரே முடுக்கத்தில் விழும்போது யாரும் யாரையும் அழுத்துவதில்லை. காலுக்கடியில் எடைக்கருவி வைத்தால் அதுவும் கூடவே விழுகிறது, சுழியம் காட்டுகிறது.

விழுந்தால் தரையில் மோத வேண்டாமா? நிலையம் விநாடிக்குச் சுமார் 7.7 கிலோமீட்டர் வேகத்தில் பக்கவாட்டில் ஓடுகிறது. அந்த ஒரு விநாடியில் அது கீழே விழுவது 4.3 மீட்டர். அதே 7.7 கிலோமீட்டர் தூரத்துக்குள் பூமியும் வளைந்து அதே அளவு விலகிக்கொள்கிறது. தரை நழுவிக்கொண்டே போகிறது, நிலையம் விழுந்துகொண்டே போகிறது. இப்படி ஒரு சுற்று முடிய ஏறத்தாழ 92 நிமிடம். உண்மையிலேயே அங்கே ஈர்ப்பு இல்லாமல் போனால் நிலையம் நேர்க்கோட்டில் எங்கோ போய்விடும், மிதப்பதைப் படமெடுத்து அனுப்ப யாரும் இருக்க மாட்டார்கள்.

எடைக்கருவி வேலை செய்யாத இடத்தில் அவர்கள் உடல் இளைத்ததை எப்படித் தெரிந்துகொள்கிறார்கள்?

பிடிவாதத்தை அளந்து! வில் பொருத்திய ஓர் இருக்கையில் உட்காரவைத்து ஆட்டிவிடுகிறார்கள். நிறை கூடுதலாக இருந்தால் ஆட்டம் மெதுவாகும், குறைவாக இருந்தால் விரைவாகும். ஓர் ஆட்டத்துக்கு எவ்வளவு நேரம் என்று பார்த்தால் நிறை கிடைத்துவிடும். 1973-இல் ஸ்கைலாப் என்ற அமெரிக்க விண்வெளி நிலையத்திலேயே இந்த முறை வந்துவிட்டது. எடையைத் தொடாமல் நிறையை நேராக அளப்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

கனமான பொருள்தானே முதலில் விழும்? தேங்காய் விழுவதையும் இலை விழுவதையும் நான் பார்த்திருக்கிறேன்.

பார்த்தது உண்மை, காரணம் காற்று. ஒரு நோட்டுப்புத்தகத்தையும், அதைவிடச் சிறிய ஒரு தாளையும் எடுங்கள். தனித்தனியாக விட்டால் தாள் ஆடி ஆடி வரும். தாளைப் புத்தகத்தின் மேல் ஒட்டாமல் வைத்து, புத்தகத்தைக் கிடையாக விடுங்கள். இரண்டும் சேர்ந்தே தரையைத் தொடும், ஏனென்றால் காற்றைப் புத்தகம் விலக்கிக்கொடுக்கிறது. 1971-இல் அப்போலோ 15 பயணத்தின்போது டேவிட் ஸ்காட் நிலவில் நின்று ஒரு கையில் சுத்தியலும் மறுகையில் வல்லூறு ஒன்றின் இறகும் வைத்து ஒன்றாக விட்டார். அங்கே காற்று இல்லை. இரண்டும் ஒன்றாக விழுந்தன.

ஏன் இப்படி? தேங்காயைப் பூமி அதிகமாக இழுக்கிறது என்பது சரிதான். ஆனால் தேங்காய்க்குப் பிடிவாதமும் அதே விகிதத்தில் அதிகம். இழுப்பு நூறு மடங்கு, அசைக்க வேண்டியதும் நூறு மடங்கு. கணக்கில் நிறை அடிபட்டுப்போகிறது. இழுபடுவதற்கான நிறையும் பிடிவாதத்துக்கான நிறையும் ஏன் இவ்வளவு கச்சிதமாகச் சமமாக இருக்க வேண்டும் என்ற கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் ஐன்ஸ்டைன் 1915-இல் தன் பொதுச் சார்பியல் கொள்கைக்கு வந்து சேர்ந்தார். மைக்ரோஸ்கோப் என்ற பிரெஞ்சு செயற்கைக்கோள் 2016 முதல் 2018 வரை இதைச் சோதித்தது. ஆயிரம் லட்சம் கோடியில் சில பங்கு என்ற நுட்பம் வரை எந்த வேறுபாடும் தென்படவில்லை.

லிஃப்ட் கிளம்பும்போது உடம்பு கனப்பது ஏன்?

பூமியின் இழுப்பு மாறவில்லை, தரை உங்களைத் தள்ளும் விசை மாறுகிறது. நாம் ‘கனம்’ என்று உணர்வது பூமியின் இழுப்பை அல்ல, காலைத் தாங்கும் தரையின் எதிர்த்தள்ளலை. லிஃப்ட் 1 மீட்டர்/விநாடி² முடுக்கத்தோடு மேலே கிளம்பினால் உள்ளே இருக்கும் எடைக்கருவி 60-க்குப் பதில் 66 காட்டும். அதே முடுக்கத்தோடு கீழே கிளம்பினால் 54. சீரான வேகத்தில் போகும்போது பழையபடி 60.

மாடு வண்டியை இழுக்கிறது, வண்டியும் மாட்டை அதே விசையால் இழுக்கிறது. பிறகு வண்டி எப்படி நகரும்?

ஒவ்வொரு விசைக்கும் சமமான எதிர்விசை உண்டு என்ற நியூட்டனின் மூன்றாம் விதியைச் சொல்லிக்கொடுத்த மறுநாளே வகுப்பில் யாராவது இதைக் கேட்டுவிடுவார்கள். கேட்காத வகுப்புக்குப் புரியவில்லை என்று பொருள்.

இரண்டு விசைகளும் சமம், எதிரெதிர், எல்லாம் சரி. ஆனால் அவை ஒரே பொருளின் மேல் வேலை செய்யவில்லை. ஒன்று வண்டியின் மேல், மற்றொன்று மாட்டின் மேல். வேறு வேறு கணக்கில் இருக்கும் வரவையும் செலவையும் ஒன்றோடொன்று கழிக்க முடியாது. வண்டியின் கணக்கைத் தனியே பாருங்கள். மாடு முன்னே இழுக்கிறது, சக்கரத்து உராய்வு பின்னே இழுக்கிறது, முதலாவது பெரிதானால் வண்டி நகரும். மாட்டின் கணக்கில், வண்டி பின்னே இழுக்கிறது, தரை முன்னே தள்ளுகிறது. ஆம், தரைதான் தள்ளுகிறது. மாடு குளம்பால் மண்ணைப் பின்னுக்கு உதைக்க, மண் மாட்டை முன்னுக்குத் தள்ளுகிறது. சேற்றில் மாட்டுக்குப் பலம் குறைந்துவிடுவதில்லை, உதைக்கப் பிடிமானம்தான் கிடைப்பதில்லை.

தேர் கிளம்ப அவ்வளவு பாடுபடுவது எடையாலா, நிறையாலா?

இரண்டாலும். திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு சேர்த்துச் சுமார் 300 டன் என்கிறார்கள். அதன் எடை சக்கரத்தைத் தரையோடு அழுத்துகிறது, அதனால் உராய்வு. நின்றிருக்கும் பொருளின் உராய்வு, ஓடும் பொருளின் உராய்வைவிடக் கூடுதல், ஆகவே முதல் அசைவுக்கு வடத்தோடு நெம்புகோலும் வேண்டியிருக்கிறது. நகர்ந்த பிறகு நிறையின் முறை. 300 டன் ஓடத் தொடங்கிவிட்டால் அதை நிறுத்துவது பெரும்பாடு. முட்டுக்கட்டை போடுபவர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு சக்கரத்தோடு நடப்பது நிலைமத்தோடு மோதத்தான். இப்போது அந்தத் தேருக்கு நீரழுத்தத்தால் இயங்கும் பிரேக்கும் உண்டு. அதே தேரை உராய்வே இல்லாத விண்வெளியில் மிதக்கவிட்டால் ஒரு சிறுவன்கூட அசைத்துவிடலாம், ஆனால் நத்தை வேகத்துக்குக் கொண்டுவரவே அவன் வெகுநேரம் தள்ள வேண்டும்.

ஒரு கிலோ பஞ்சு, ஒரு கிலோ இரும்பு, எது கனம்?

‘இரண்டும் சமம்’ என்று சொல்லிச் சிரிப்பவர்களுக்கு ஒரு செய்தி. காற்றும் தண்ணீரைப் போலப் பொருள்களை மேல்நோக்கித் தாங்குகிறது. கிணற்று நீருக்குள் இருக்கும்வரை வாளி லேசாக இருப்பதும் இதே காரணத்தால்தான். பஞ்சு மூட்டை அதிக இடத்தை அடைப்பதால் காற்று அதை அதிகமாகத் தாங்கும். ஆகவே தராசு இரண்டுக்கும் சரியாக ஒரு கிலோ காட்டினால், உண்மையில் நிறை கூடியது பஞ்சுதான்.

நானும் என் நண்பனும் ஒருவரை ஒருவர் ஈர்க்கிறோமா?

ஈர்க்கிறீர்கள். தலா 60 கிலோ, ஒரு மீட்டர் இடைவெளி என்றால், அந்த விசை ஒரு சர்க்கரைத் துகளின் எடையைவிடவும் மிகக் குறைவு. இவ்வளவு நுண்ணிய ஈர்ப்பை 1798-இல் லண்டனில் ஹென்றி கேவென்டிஷ் அளந்துகாட்டினார். மெல்லிய கம்பியில் கிடையாகத் தொங்கிய ஒரு கோல், அதன் இரு முனையிலும் சிறிய ஈயக் குண்டுகள், அவற்றின் அருகே தலா 158 கிலோ நிறையுள்ள பெரிய ஈயக் குண்டுகள். கிட்டே போனால் தன் உடல் சூடே காற்றைக் கலைத்துவிடும் என்று அஞ்சி, அறைக்கு வெளியே நின்று தொலைநோக்கியால் கோலின் திருகலைப் பார்த்தார். அதிலிருந்து பூமியின் அடர்த்தி தண்ணீரைப் போல 5.48 மடங்கு என்று கணக்கிட்டார். இன்றைய மதிப்பு 5.51.

அப்படியானால் பூமியின் எடை எவ்வளவு?

கேள்வியே தவறு. பூமியை இழுக்கும் பூமி எது? நிறையைக் கேளுங்கள், சொல்கிறேன்: 6-க்குப் பின்னால் 24 சுழியங்கள் போட்டால் வரும் அத்தனை கிலோகிராம், தோராயமாக.

பூமியின் மையத்துக்குப் போனால்?

எல்லாப் பக்கமும் சமமாக இழுபட்டு எடை சுழியமாகும். நிறை அப்படியே இருக்கும். வெந்து போவீர்கள் என்பது தனிக் கதை.

ஒரு கிலோ என்பதை யார் முடிவு செய்கிறார்கள்?

1889 முதல் பாரிஸுக்கு அருகே செவ்ரில், பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஓர் உருளை இருந்தது. அதன் நிறையே கிலோகிராம். அதைப் போலவே செய்த படிகளோடு ஒப்பிட்டபோது, நூறாண்டில் அவற்றுக்கிடையே சுமார் 50 மைக்ரோகிராம் அளவுக்கு விலகல் தெரிந்தது. உருளை இளைத்ததா, படிகள் கொழுத்தனவா என்று சொல்ல வழியில்லை, ஏனென்றால் வரையறையே அந்த உருளைதான். 2019 மே 20 முதல் அந்த ஏற்பாடு போய்விட்டது. இப்போது பிளாங்க் மாறிலி என்ற, இயற்கையில் எங்கும் மாறாத ஓர் அளவின் மதிப்பை நிலையாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து கிலோகிராமைப் பெறுகிறார்கள்.

அதற்குப் பயன்படும் கருவிகளில் ஒன்று கிபிள் தராசு. ஒரு பொருளின் எடையை மின்காந்த விசையால் தாங்கி, அந்த மின்சாரத்தை அளக்கிறது. அதாவது அதுவும் விசையைத்தான் அளக்கிறது. எடையிலிருந்து நிறைக்குப் போக அந்த அறையின் ஈர்ப்பு முடுக்கம் தெரிய வேண்டும் அல்லவா? ஆகவே தராசுக்குப் பக்கத்திலேயே, காற்று நீக்கிய குழாய்க்குள் ஒரு கண்ணாடியை விழவிட்டு, அது விழும் முடுக்கத்தை லேசர் ஒளியால் அளந்துகொள்கிறார்கள்.